தூக்கிச் சாத்தும் வீடு

“உன் வாய்க்குப் பூட்டுப் போட்டவன் சாவியை எங்கே வச்சுட்டுப் போனான்?”

மாமா ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். பட்டறையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதற்கான பதில் மூன்று நாள் கழித்து, ஒரு சீட் உறையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. நல்ல சூடான பதில். யாரிடம் சொல்வது? தையல் மெஷினிடம் சொல்லிவிட்டு நூலை அறுத்தாள்.

அவளை வீட்டில் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியாக இருப்பதாலா, தைக்கிறதாலா, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதாலா என்று யாரும் சொன்னதில்லை. முப்பது வயது. அக்காவோடும் அக்கா புருஷனோடும் இருந்தாள். மாமாவுக்குச் சொந்தமாக ஒரு பட்டறை; இடிபட்ட வண்டிகளுக்கு ஒடுக்கு எடுத்து, கதவும் பானெட்டும் நேராக்கிக் கொடுப்பார். அந்தப் பட்டறையின் ஜன்னல் மூலையில் ஊசியின் மெஷின். வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பது அவள் வேலை. மெஷினுக்குப் பின்னால் ரெக்ஸின் சுருள்கள் சுவரோடு சாய்ந்து நிற்கும். அவற்றோடு சேர்ந்து அவளும் ஒரு சுருளாகத்தான் தெரிவாள்.

அக்காவிடம் ஒரு கார் இருந்தது. பச்சை நிறம். கிளம்பும்போது ஒரு குதி குதித்துவிட்டுத்தான் கிளம்பும். அதனால் அதற்குத் தவளை என்று பெயர். காலையிலும் சாயங்காலமும் அக்கா ஆறு பிள்ளைகளைத் தவளையில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவாள், கூட்டிவருவாள். பதினோரு வருடமாக அதுதான் அவள் தொழில். ஒரு நாள் தாமதம் கிடையாது. “நான் லேட்டுன்னா பள்ளிக்கூட மணி முன்னாடி அடிச்சிருக்குன்னு அர்த்தம்” என்பாள்.

தவளைக்கு இருந்த ஒரே நோய் பின்பக்கத்து இடது கதவு.

நாலு வருடத்துக்கு முன்னால் அதன் கீல்கள் தேய்ந்து கதவு தொங்கிப்போனது. மாமா மற்றவர்களின் வண்டிக் கதவுகளையெல்லாம் சரிசெய்வார், சொந்த வீட்டு வண்டிக்கு மட்டும் “நாளைக்குப் பாக்கலாம்.” அதுவரைக்கும் என்ன செய்வது? கைப்பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கி, அதே வேகத்தில் தள்ளினால் சாத்திக்கொள்ளும். “தூக்கிச் சாத்து” என்று மாமா எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் கதவைத் தொடக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவளே இறங்கி, சுற்றிவந்து, தூக்கிச் சாத்திவிட்டுத் திரும்ப ஏறுவாள்.

நாளைக்கு என்பது நாலு வருடமாயிற்று. அதற்குள் அந்த வீட்டில் எல்லோர் கைக்கும் அது பழகிவிட்டது. அக்கா ஃபிரிட்ஜைத் தூக்கிச் சாத்தினாள். அக்கா மகள் புத்தக அலமாரியைத் தூக்கிச் சாத்தினாள். மாமா ஒருமுறை பல் வைத்தியரின் அறைக் கதவைத் தூக்கிச் சாத்தப்போக, வைத்தியர் ஊசியும் கையுமாக எழுந்து வந்து பார்த்தார். இதையெல்லாம் அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பேசாதவள் ஒருத்திதான் கவனித்தாள். அவளும் தூக்கித்தான் சாத்திக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

இந்த வருடம் வண்டிச் சோதனைக்குப் போனபோதுதான் வினை வந்தது. பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி என்றால் வருடத்துக்கு ஒருமுறை சோதனை அதிகாரி பார்த்துத் தகுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். அந்த அதிகாரி வாயாடி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். போன வருடம் வரைக்கும் மாமாவே கதவைச் சாத்திக் காட்டிவிடுவார்; இந்தத் தடவை அதிகாரி தானே இடது கதவைச் சாத்தினார். அது பட்டென்று திரும்பி வந்தது.

“கதவா இது, ஊஞ்சலா?” என்றார். சீட்டு கிடைக்கவில்லை.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மத்தியானமே கதவைக் கழற்றினார். இரண்டு கீலுக்கும் புது முள், புது வளையம் போட்டார். கதவு தொங்கல் நின்று நேராக நின்றது. பிறகு, கதவு நிலையில் இருக்கும் கொண்டியைச் சரிசெய்தார். கொண்டி என்பது ஒரு சின்ன இரும்பு வளையம். கதவில் இருக்கும் பூட்டு வந்து கவ்வுவது அதைத்தான். பூட்டுக்கு இரண்டு கடி உண்டு. முதல் கடியில் கதவு நிற்கும், ஆனால் ஆடும். இரண்டாவது கடியில்தான் உள்ளே போய் உட்காரும். மாமா கொண்டியை ஏற்றி இறக்கி, முப்பது தடவை சாத்திப் பார்த்து, முப்பது தடவையும் இரண்டாவது கடி விழுந்த பிறகுதான் சாப்பிடப் போனார்.

“பஞ்சு மாதிரி போகுது” என்றார் அக்காவிடம்.

இரண்டாவது சோதனை. அதிகாரி சாத்தினார். முதல் கடியோடு நின்றுவிட்டது. ஆட்டிக் காட்டினார், லொடலொடவென்று ஆடியது. ஒரு பிள்ளை சாய்ந்தால் என்ன ஆகும், ரெண்டு பிள்ளை சாய்ந்தால் என்ன ஆகும் என்று கால் மணி நேரம் பேசினார். அவர் அந்தப் பக்கம் போனதும் மாமா சாத்தினார். டப். அழகாகச் சாத்திக்கொண்டது.

“சார், இங்க பாருங்க! உங்களுக்குச் சாத்தத் தெரியல!”

“ஆமாங்க. இருபத்திரண்டு வருஷமா கதவு சாத்தத் தெரியாமத்தான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கொண்டுவாங்க. அதுதான் கடைசி. அன்னைக்கும் இதே கதைன்னா வண்டி ரோட்டுல ஓடாது.”

பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டைக் காட்டாவிட்டால் திங்கட்கிழமை முதல் ஆறு பிள்ளைகளும் வேறு வண்டியில். அக்கா அன்று வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினாள். ஐந்து வெங்காயம் நறுக்கினாள். சமையலுக்கு ஒன்று போதும்.

வெள்ளிக்கிழமை காலை மாமா கொண்டியை இன்னும் கொஞ்சம் திருத்திவிட்டு, பத்துத் தடவை சாத்திப் பார்த்துத் திருப்தியோடு கையைத் துடைத்தார். ஊருக்கு வெளியே கவிழ்ந்து கிடந்த ஒரு லாரியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

ஊசி, தவளையின் பின் சீட்டுக்குப் புது உறை மாட்டிக்கொண்டிருந்தாள். கதவு சரியில்லாத வண்டிக்குச் சீட்டாவது கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று அக்கா கேட்டிருந்தாள். மாட்டி முடித்து, கிழித்தெடுத்த பழைய உறையையும் பஞ்சையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு இறங்கினாள். கை இல்லை. இடுப்பால் கதவைத் தள்ளினாள்.

முதல் கடி. லொட.

பஞ்சைக் கீழே போட்டாள். கையால் சாத்தினாள். டப்.

திரும்பத் திறந்து இடுப்பால் தள்ளினாள். லொட. கையால். டப். இடுப்பு. லொட. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் ஒரு பெண் காரோடு நடனம் ஆடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஏழாவது தடவை அவள் கதவைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு, கதவு வந்து சேரும் கடைசி நொடியில், தானாக மேலே எழும்பியது. யாரும் சொல்லாமல், கேட்காமல்.

ஊசி அப்படியே நின்றாள்.

தையல் மேஜைக்குப் போய், துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்கை எடுத்துவந்தாள். கொண்டியின் மேல் நன்றாகத் தேய்த்தாள். இடுப்பால் சாத்தித் திறந்தாள். பூட்டு வந்து மோதிய தடம் சாக்கில் கீழ் ஓரத்தில் விழுந்திருந்தது. துடைத்து, மறுபடி தேய்த்து, கையால் சாத்தினாள். தடம் நட்டநடுவில். இரண்டுக்கும் அரை நூல், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வித்தியாசம். ரெக்ஸினில் அரை நூல் தவறினால் மூலை சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். இரும்பில் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்தது.

கதவு என்றைக்கோ சரியாகிவிட்டது. புது முள் போட்ட அன்றைக்கே. மாமா சாத்திப் பார்த்த கைதான் நாலு வருடத்துப் பழைய கை. தூக்கிச் சாத்தும் கைக்குத் தோதாகக் கொண்டியை மேலே மேலே ஏற்றிவைத்திருக்கிறார். உலகத்தில் மற்ற எல்லோருக்கும் அது எட்டாத கொண்டி.

மாமாவுக்குப் போன் செய்தாள். அவள் வாழ்க்கையில் மாமாவுக்குப் போன் செய்தது அது இரண்டாவது தடவை.

“மாமா, கொண்டி மேல இருக்கு. அரை நூல் இறக்கணும்.”

அந்தப் பக்கம் லாரியை இழுக்கும் சத்தம். பிறகு சிரிப்பு. “அடேயப்பா! கதவு மூடலேன்னதும் உன் வாய் திறந்துடுச்சா? நீ சீட்டைப் பாரு தாயி. கதவை நான் பாத்துக்கறேன்.”

“இல்ல மாமா, நீங்க சாத்தும்போது...”

“தொடாதே. தொட்டுக் கெடுத்துடாதே. நான் வந்துடறேன்.” போனை வைத்துவிட்டார்.

மணி பன்னிரண்டரை. அக்கா உள்ளே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். அதில் எழுத ஆறு பெயருக்கு மேல் ஒன்றும் இல்லை.

ஊசி மாமாவின் கருவிப் பெட்டியைத் திறந்தாள். தொட்டால் கெட்டுப்போகலாம். கெட்டால் அக்காவின் வண்டியைக் கெடுத்தவள் என்ற பெயர் ஆயுசுக்கும் நிற்கும். தொடாவிட்டால் நிச்சயமாகத் தோற்கும். வெட்டுவதற்கு முன் கோடு போடுகிற பழக்கம் அவளைக் காப்பாற்றியது. கொண்டியைச் சுற்றிச் சாக்கால் மெல்லிசாகக் கோடு இழுத்தாள். தப்பாய்ப்போனால் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். நட்சத்திர முனை கொண்ட வளைந்த திருப்புளியை வைத்து அழுத்தினாள். திருகு அசையவில்லை. மாமா இறுக்கினால் அப்படி. திருப்புளிக்குப் பிடியாக ஒரு குழாயை மாட்டி, தொங்கினாள். ‘கிறீச்’ என்றது. திருகு இளகியது.

அரை நூல் இறக்கினாள். இறுக்கினாள். திரும்பி நின்று இடுப்பால் தள்ளினாள்.

டப்.

உள்ளே எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்தது. நாலு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கதவு யாரும் தூக்காமல் சாத்திக்கொண்டது. ஊசி பட்டறையின் நடுவில் நின்று, சத்தம் வராமல், இரண்டு குதி குதித்தாள். தவளையே தோற்றது.

மாமா வந்தபோது மணி இரண்டு பத்து. வந்த வேகத்தில் கதவைத் திறந்து சாத்தினார்.

டங். கதவு திரும்பி வந்து அவர் முட்டியில் இடித்தது.

மறுபடி சாத்தினார். டங். மூன்றாவது தடவை. டங்.

“யார் தொட்டா?” கேட்க வேண்டியதே இல்லை, பட்டறையில் வேறு யாரும் இல்லை. “தொடாதேன்னு சொன்னேனா இல்லையா? காலையில பஞ்சு மாதிரி போன கதவு! மூணு மணிக்கு அந்தாளு முன்னாடி நிக்கணும், இப்பப் போய்...”

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். அவளும் சாத்திப் பார்த்தாள். டங். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஏண்டி ஊசி? என்னடி பண்ணே?”

“தூக்காதீங்க” என்றாள் ஊசி.

“என்னது?”

“ரெண்டு பேரும் தூக்கறீங்க. தூக்காம சாத்துங்க.”

“யாரு தூக்கறா? நான் தூக்கல” என்றார் மாமா. சொல்லிக்கொண்டே சாத்தினார். தோள்பட்டை ஏறி இறங்கியது. டங்.

“இப்பத் தூக்கினீங்க.”

“தூக்கல!”

இப்படியே போனால் மூன்று மணி ஆகிவிடும். ஊசி வாசலைப் பார்த்தாள். பக்கத்துக் கடைக்குப் பார்சல் கொண்டுவந்த ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஊசி அவரிடம் போனாள். முன்பின் தெரியாத மனிதர்களிடம் போய்ப் பேசுகிற பெண் இல்லை அவள். கால் மட்டும் போய்விட்டது. பேச்சு பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

“அண்ணே, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துறீங்களா?”

“எதும்மா?”

“அந்தக் கார்க் கதவு.”

“ஏன், அவங்க ரெண்டு பேரும் நிக்கிறாங்களே?”

“அவங்களுக்கு முடியலை.”

அவர் மாமாவின் புஜங்களைப் பார்த்தார். “அவருக்கே முடியலைன்னா என்னால எப்படிம்மா? எதாவது வெடிக்குமா?” என்று கேட்டுக்கொண்டே வந்து, பயத்தில் தள்ளி நின்று, விரல் நுனியால் தள்ளிவிட்டார்.

டப்.

“அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான் என்றாள் ஊசி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

“குருட்டாம்போக்குல விழுந்திருக்கு” என்றார் மாமா.

இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஒரு அம்மா தெருவில் போய்க்கொண்டிருந்தாள். “எனக்கு எங்கேடிம்மா கை இருக்கு?” என்றவள், கேட்ட பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, முழங்கையால் ஒரு இடி இடித்தாள். டப். எதிர் அச்சகக்காரர் தானாகவே வந்துவிட்டார். “என்ன, கதவு சாத்துறதுக்கு ஆள் எடுக்கறீங்களா? எனக்கு அனுபவம் இருக்கு” என்று சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னால் காலால் தட்டினார். டப்.

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா தன் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். யாருடைய கையோ அவர் தோளில் மாட்டியிருப்பதுபோல.

“இதை என்ன, வெட்டியா போடறது?”

“பாக்கெட்ல போட்டுக்கோங்க மாமா” என்றாள் ஊசி. “அங்க போற வரைக்கும் வெளிய எடுக்காதீங்க.”

அச்சகக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. ஆனால் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சோதனை நிலையத்துக்கு மூன்று பேருமே போனார்கள். அக்கா ஓட்டினாள், மாமா முன்னால், ஊசி பின்னால். வழியெல்லாம் மாமாவின் கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. வரிசையில் மூன்றாவது வண்டி. அதிகாரி அட்டையும் பேனாவுமாக வந்தார். விளக்கு, பிரேக், கண்ணாடி, ஹாரன். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வார்த்தை சொன்னார். பிறகு பின்பக்கம் வந்து நின்றார்.

“ஆங், நம்ம ஊஞ்சல். எனக்குத்தான் சாத்தத் தெரியாதே. ஏம்மா, நீங்க இறங்குங்க. நீங்களே சாத்துங்க, பாக்கலாம்.”

இதை ஊசி எதிர்பார்க்கவில்லை. இறங்கினாள். கதவைப் பிடித்தாள். அவள் கையும் அதே வீட்டுக் கைதானே? காலையில் அந்த மணிக்கட்டு எழும்பியதை அவளே பார்த்தாள். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் கண்ணாடியில் தெரிந்தன. இறங்கி வந்து பின்னால் நின்ற மாமா மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

கைப்பிடியைப் பிடித்திருப்பதுதான் வினை என்று தோன்றியது. பிடித்தால் கை தூக்கும். மெஷினுக்கு அடியில் துணி போவதும் அப்படித்தான். இறுக்கிப் பிடித்து இழுத்தால் தையல் கோணும். மேலே கையை வைத்தால் போதும், துணி தானாகப் போகும். அவள் கைப்பிடியை விட்டாள். உள்ளங்கையை விரித்துக் கதவின் மேல் வைத்தாள். வைத்து, போக விட்டாள்.

டப்.

உள்ளே விளக்கு அணைந்தது.

அதிகாரி அட்டையைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். கதவைத் திறந்து அவரே சாத்தினார். டப். திறந்தார். மெதுவாகச் சாத்தினார். வேகமாகச் சாத்தினார். ஒற்றை விரலால், முழங்காலால். ஒவ்வொரு தடவையும் அதே சத்தம், அதே கனம். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கதவு ஆடவில்லை, வண்டிதான் மொத்தமாக ஆடியது. குனிந்து கொண்டியைப் பார்த்தார். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு சாக் கோடும், அதற்கு அரை நூல் கீழே கொண்டியும் இருந்தன. நிமிர்ந்து ஊசியைப் பார்த்தார். அவள் விரல் நுனியெல்லாம் வெள்ளை.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊசி திரும்பாமலே, “இருங்க மாமா” என்றாள். மாமா இருந்தார்.

அதிகாரி சொல்வதற்கு ஏதாவது கிடைக்குமா என்று கதவை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்து, கதவுகள் என்ற கட்டத்தில் சரி என்று குறித்து, கீழே கையெழுத்துப் போட்டார். சீட்டைக் கிழித்தார். அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். மாமாவும் நீட்டினார், பாக்கெட்டிலிருந்து எடுத்த அந்தக் கையை. அதிகாரி அந்த இரண்டு கைகளையும் தாண்டி ஊசியிடம் கொடுத்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.